‘சிவப்பு நாடா’ – நாடா எதற்கு, சிவப்பு எதற்கு?

கேள்வி – ஆர்.கே.புரம்வாசி

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், பேச்சுப் போட்டிக்கான உரையில் ‘சிவப்பு நாடா முறையால் வளர்ச்சி தடைபடுகிறது’ என்று எழுதியிருந்தாள். அதைக் கேட்ட என் மாமியார், “பாவாடை நாடாவுக்கும் வளர்ச்சிக்கும் என்னடி சம்பந்தம்?” என்று கேட்க, வீட்டில் எவராலும் விடை சொல்ல முடியவில்லை. அலுவலக விதிகளின் சிக்கலால் அரசு வேலைகள் முடங்குவதைக் குறிக்கும் ‘ரெட் டேப்’ என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு என்ற அளவில் தெரியும். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி போப்பாண்டவருக்கு அனுப்பிய மடலிலிருந்து வந்தது என்று ஓரிடத்தில் படித்தேன், அது சரியா? இதற்கு நம்முடைய பழைய சொல் ஏதும் உண்டா?

மறுமொழி – சாஸ்திரி பவன் பழைய ஊழியன்

அம்மா, அந்த மடல் உண்மையானது. ஹென்றியின் முதல் திருமணத்தை ரத்து செய்யுமாறு வேண்டி இங்கிலாந்தின் பிரபுக்களும் ஆயர்களும் 1530இல் போப்பாண்டவர் ஏழாம் கிளெமென்டுக்கு அனுப்பிய அம்மடல், எண்பதுக்கும் மேற்பட்ட முத்திரைகள் தொங்க, வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே நாடா முத்திரைகளைத் தாங்குவதற்காக இருந்ததேயன்றி, காகிதக் கட்டை இறுக்கி மூடுவதற்காக அல்ல. நாம் குறை சொல்வதோ கட்டி வைக்கப்பட்டு அவிழ்க்கப்படாத கட்டைப் பற்றி. ஆகவே அந்தக் கதை எனக்கு ஒப்பவில்லை.

இங்கிலாந்தின் அரசு அலுவலகங்களிலும் வழக்குமன்றங்களிலும் ஆவணங்களைச் சிவப்பு நாடாவால் கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பாரிஸ்டர்களின் வழக்குக் கட்டுகள் இன்றும் அப்படித்தான் வருகின்றன. நிறம் மட்டும் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது. அரசுத் தரப்பு வழக்குக்கு வெள்ளை நாடா என்பது வேடிக்கை. கட்டும் பொருள், கட்டுண்டு கிடக்கும் நிர்வாகத்துக்கே பெயரானதை 19ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர்கள் கார்லைலும் டிக்கன்ஸும் பரவலாக்கினார்கள். 1850இல் நூலாக வெளிவந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில், பிரிட்டானியா என்னும் நாட்டுத் தெய்வம் அலுவலகப் பேனாக்களால் குத்தப்பட்டு, சிவப்பு நாடாவால் கைகால் கட்டப்பட்ட கோழியைப் போலக் கிடப்பதாக டிக்கன்ஸ் எழுதுகிறார்.

நான் பணியாற்றிய பிரிவில் கோப்புகளைக் கட்டிய நாடா பெரும்பாலும் அழுக்கேறிய வெள்ளை. இப்போது இ-ஆபீஸ் மென்பொருளில் நாடாவே கிடையாது. கோப்பு நகரும் வேகத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மறுமொழி – கரோல் பாக் மொழிபெயர்ப்பாளர்

உங்கள் மாமியாரின் கேள்வி தில்லியில் இன்னும் பொருத்தமானது. இந்தியில் ‘நாடா’ என்றால் பைஜாமாவின் இடுப்புக்கயிறு. அதனால்தானோ என்னவோ, இந்திக்காரர்கள் அச்சொல்லைத் தொடாமல் ‘லால் ஃபீத்தாஷாஹி’ என்கிறார்கள். அந்த ‘ஃபீத்தா’ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது.

தமிழ்ச் சொல்லைப் பொறுத்தவரை, ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார்’ என்ற பழமொழியைச் சிலர் இதற்கு இணையாகக் காட்டுவார்கள். நான் ஏற்பதில்லை. பழமொழி ஓர் ஆளைக் குற்றம் சாட்டுகிறது. பூசாரி மனம் வைத்தால் வரம் கிடைத்துவிடும். சிவப்பு நாடாவிலோ எதிரே அமர்ந்திருப்பவர் நல்லவராக இருந்தாலும், ஒவ்வொரு மேசையிலும் ஒப்பம் பெற்றாக வேண்டும் என்ற விதி அவரையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. ‘இழுத்தடிப்பு’ ஊழியர் செய்வது, ‘அலைக்கழிப்பு’ மனு கொடுத்தவர் படுவது. இவை இரண்டும் விதியின் சிக்கலைச் சுட்டவில்லை. ராஜாஜி தொழில் தொடங்க அரசிடம் உரிமம் வாங்கும் ஏற்பாட்டைச் சாடியபோது, ‘லைசென்ஸ் பர்மிட் ராஜ்’ என்று ஏற்பாட்டுக்கே பெயர் வைத்தார், அதிகாரிகளுக்கு அல்ல. எனவே அமைப்பைப் பேசும் இடத்தில் ‘சிவப்பு நாடா’ இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தில் கோப்பு வேண்டுமென்றே நிறுத்தப்பட்டிருந்தால் ‘இழுத்தடிப்பு’ என்றே எழுதலாம்.

ஆர்.கே.புரம்வாசி

இருவருக்கும் நன்றி. மகள் தன் உரையில் ‘சிவப்பு நாடா’வை வைத்துக்கொண்டு, கோழி உவமையையும் சேர்த்துவிட்டாள். மாமியார் மட்டும், அரசுத் தரப்புக்கு வெள்ளை நாடா என்றால் அந்தக் கட்டு சீக்கிரம் அவிழுமா என்று கேட்கிறார்.