அண்ணன் பெங்களூரில் இருப்பதாகச் சொன்ன நாட்கள்

திருச்சியிலிருந்து ஒரு தங்கை

2016 கார்த்திகை முதல் தேதி என் அண்ணன் மாலை போட்டான். பத்து வருடமாகத் தினமும் குடித்தவன், ஒரு மண்டலம் தொடாமல் இருந்துவிட்டால் அப்படியே விட்டுவிடுவான் என்று அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. அன்று பாயசம் வைத்தாள். மறுநாள் காலையில் அவனால் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. இரவு சரணம் சொல்லி முடித்து எழுந்தவன் வலிப்பு வந்து விழுந்தான்.

பெரியப்பா சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். அத்தை சாமி குத்தம் என்றாள். மாலையோடு ஒளிந்து குடித்திருப்பான், ஐயப்பன் சும்மா விடுவாரா என்று தெருவில் பேச்சு. நடந்தது நேர்மாறு. அவன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை, அதனால்தான் வலிப்பு. வருடக்கணக்கில் மதுவுக்குப் பழகிய உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு ஆள் தெரியாமல் பிதற்றலாம், உயிரே போகலாம் என்று மருத்துவர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியும். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டியதை, நாங்கள் வைராக்கியத்தால் முடியும் என்று நினைத்திருந்தோம்.

இதை 2013லேயே ஒருவர் சொன்னார். எங்கள் குடும்ப டாக்டர். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள் என்றார். அம்மா வாசல்வரை பேசாமல் வந்து, ஆட்டோவில் ஏறியதும் அழுதாள். "என் புள்ளைக்கு என்ன பைத்தியமா? கீழ்ப்பாக்கம்னு பேரு வந்துட்டா பாப்பாவுக்கு எவன் வரன் கொண்டு வருவான்?" அந்தப் பாப்பா நான். என் கல்யாணத்துக்காக அண்ணனின் வைத்தியம் மூன்று வருடம் தள்ளிப்போனது. அந்த மூன்று வருடத்தில் கோயிலில் கயிறு கட்டினோம். சுவரில் விளம்பரம் பார்த்து, குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும் என்ற பொடியை வாங்கி ரசத்தில் கலந்தோம். அன்று அவன் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துக் கிடந்தான். மதுவோடு சேர்ந்தால் இப்படிச் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு, அதை நோயாளிக்குச் சொல்லாமல் கொடுத்தால் ஆளே போய்விடக்கூடும் என்று பிறகு தெரிந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. குடிக்கிறவனிடம் என்ன கேட்பது என்ற நினைப்புதான்.

வலிப்புக்குப் பிறகு ஒரு மாதம் சிகிச்சை மையத்தில் இருந்தான். ஊரில் பெங்களூரில் வேலை என்று சொல்லி வைத்தோம். அம்மா அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை வகுப்பு உண்டு. ஒருநாள் ஆலோசகர் சாந்தி ரங்கநாதன் பற்றிச் சொன்னார். டி.டி.கே. குடும்பத்து மருமகள், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர், அதை மறைத்துக்கொண்டு உட்காராமல் 1980ல் சென்னையில் இதற்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்கியவர். அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். "அவ்வளவு பெரிய இடத்துலயா? அவங்களே வெளியில சொன்னாங்களா?" திரும்பி வரும்போது முந்தானை தோளில்தான் இருந்தது.

இவ்வளவும் எழுதியது அடுத்ததைச் சொல்லத்தான். அண்ணன் குடியை விட்டுப் பதினொரு மாதம் ஆனபோது என் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? என் புகுந்த வீட்டில், குடிகார மாமன் மடி வேண்டாம், சித்தப்பா மடி போதும் என்றார்கள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அண்ணன் சீர்த்தட்டோடு வந்தான், தோடும் சட்டையும் அவன் வாங்கியது. தட்டை வைத்துவிட்டுப் பந்தலின் கடைசி வரிசையில் போய் நின்றான். குழந்தை அழுத சத்தத்துக்கு அவன் ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒரு செவிலியர்

சகோதரி, நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எங்கள் மருத்துவமனைப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன்.

பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து ஒருவர் எலும்பு வார்டில் சேர்ந்தார். மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார், சுவரெல்லாம் பூச்சி ஓடுது என்று கத்தினார். "தண்ணி கேஸ்" என்று சொல்லிக் கட்டிலோடு கட்டிப்போட்டோம். நானும் கட்டினேன். டாக்டர் வந்து பார்த்த பிறகுதான் அது குடியைச் சட்டென்று நிறுத்தியதால் வந்த பிதற்றல் என்று புரிந்தது. சேர்க்கும்போதே குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தோம். மாமனார், மச்சான், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் நிற்க, சத்தமாக. அவர் மனைவி "அதெல்லாம் இல்லைங்க" என்றார். வேறென்ன சொல்வார்?

இப்போது நான் மனைவியையோ அம்மாவையோ தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறேன். பழக்கம் உண்டா என்று கேட்பதில்லை, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்கிறேன். பதில் வந்துவிடுகிறது. முன்கூட்டித் தெரிந்தால் வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் நேரத்தோடு போய்விடும். 2019ல் எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்கள். நாங்கள் சொல்லும் அந்த "தண்ணி கேஸ்" என்ற சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

பெண் நோயாளி என்றால் இன்னும் மோசம். ஒருவர், சீட்டில் வயிற்றுவலி என்று மட்டும் எழுதச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோவையிலிருந்து, ஒன்பது வருடமாகக் குடிக்காதவன்

நான் லேத் பட்டறைக்காரன். என் வீட்டில் பெங்களூர் கதையெல்லாம் சொல்லவில்லை. ராத்திரி வேன் வரவழைத்து, நான்கு பேரை விட்டுத் தூக்கிப்போனார்கள். போர்டில் மறுவாழ்வு மையம் என்று இருக்கும். உள்ளே மருத்துவர் கிடையாது, பிளாஸ்டிக் பைப் உண்டு. நாற்பது நாள். வெளியில் வந்து முதுகைக் காட்டினேன். "குடிச்சு அழிஞ்சதுக்கு இது பரவாயில்ல" என்றார் மாமா. குடிகாரனை அடித்தால் கேட்க ஆளில்லை என்பது அடித்தவனுக்கு நன்றாகத் தெரியும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியும் போதையும் சார்ந்த மனநலப் பிரச்சினைகளும் வருகின்றன. இப்படிப்பட்ட மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டார் தயவுசெய்து அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள், மருத்துவர் யார் என்று கேளுங்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446 என்ற மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது.

வெளியே வந்த அன்றே குடித்தேன். குடி நின்றது ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில்தான். 1935ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகள், தங்களுக்குள் பேசிக்கொண்டதில் தொடங்கிய இயக்கம் அது. குடிகாரன் என்று ஊரே சொல்லிக் கேட்டவன், நான் ஒரு குடிநோயாளி என்று முதல்முறை என் வாயால் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. டீ கொடுத்தார்கள்.

மஞ்சள் காமாலை வந்தவனுக்கு ஒரு மாதம் லீவு கொடுத்த என் பழைய முதலாளி, எனக்கு ஒரே வாரத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார். அது மட்டும் இன்னும் ஆறவில்லை.

திருச்சித் தங்கை மீண்டும்

அண்ணா, உங்கள் பதிலை என் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். பைப் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து மீதியைக் கேட்டான்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மகனுக்கு நான்கு வருடம் கழித்து மகளுக்குக் காது குத்தினோம். இந்தமுறை நான் விடவில்லை, என் கணவரும் கூட நின்றார். அண்ணன் மடிதான். குழந்தை துள்ளியபோது அவள் தலையைப் பிடித்திருந்த அவன் கை கொஞ்சமும் அசையவில்லை. ஆனால் அவன் உட்காருவதற்கு முன்பு என் மாமியார், துண்டை எடுப்பதுபோல் அவன் பக்கத்தில் குனிந்து மூச்சை முகர்ந்து பார்த்தார். நான் வாய் திறக்கப் போனேன். "விடு பாப்பா, பார்த்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, குழந்தைக்குக் கையை நீட்டினான்.