முதியோர் இல்லத்தில் ‘பிங்கோ கேர்ள்’: பொழுதுபோக்குச் சிகிச்சையில் அடுத்து என்ன படிப்பது?

வெள்ளைக்கொக்கு (டர்பன்):

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். மதுரையில் பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி, செவ்வாய்க்கிழமை பிங்கோ (கூப்பிடுகிற எண்ணை அட்டையில் அடிக்கிற விளையாட்டு), வியாழக்கிழமை பஜனை, மாதம் ஒரு தடவை எல்லோரையும் வேனில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவது, இதுதான் என் வேலை. எனக்கு 38 வயது, இன்னும் அங்கே எல்லோருக்கும் நான் ‘பிங்கோ கேர்ள்’தான். அதில் வருத்தமில்லை.

பிரச்சினை வேறு. இந்த வருடம் மேனேஜர் புதுசாக ஒரு பேட்ஜ் அடித்துக் கொடுத்தார், அதில் ‘ரிக்ரியேஷன் தெரபிஸ்ட்’, அதாவது பொழுதுபோக்குச் சிகிச்சையாளர், என்று போட்டிருக்கிறது. பெருமையாகக் குத்திக்கொண்டு போன மூன்றாம் நாள், வருகை டாக்டர் ஒருவர் பேட்ஜைப் பார்த்துவிட்டு, “எங்கே ரெஜிஸ்டர் பண்ணியிருக்கீங்க?” என்றார். பதில் இல்லை. அவர் கிண்டல் பண்ணவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதுதான் இன்னும் சுருக்கென்று இருந்தது.

என் பயிற்சிக்கென்று இல்லத்தில் 8,000 ரேண்ட் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க வெபினார்கள் சிலவற்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டிமென்ஷியா (மறதிநோய்) பற்றிய படிப்பும் ஒன்று கண்ணில் பட்டது. வாட்ஸ்அப்பில் ‘மூன்றே மாதத்தில் சர்டிஃபைட் தெரபிஸ்ட்’ என்று ஒரு விளம்பரமும் சுற்றுகிறது. எதில் போடுவது? அமெரிக்காவில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்களுக்குக் கொடுக்கிற சி.டி.ஆர்.எஸ். சான்றிதழை இங்கிருந்தே வாங்க முடியுமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மேரிட்ஸ்பர்க் ஓ.டி.:

சகோதரி, முதல் வேலையாக அந்த பேட்ஜைக் கழற்றி மேசை டிராயரில் போடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள நோயாளிகளைப் பழக்குகிறவன், 14 வருடமாக இந்த மாகாணத்தில்தான் வேலை. தென்னாப்பிரிக்காவில் மருத்துவத் துறையினரைப் பதிவு செய்கிற எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலில் எங்களுக்குப் பதிவேடு உண்டு, பிசியோவுக்கு உண்டு, உடற்பயிற்சி வழியாகச் சிகிச்சை செய்கிற பயோகைனடிக்ஸுக்கு உண்டு, சைக்காலஜிஸ்டுக்கு உண்டு, இசை, நாடகம், ஓவியம் வழியாகச் சிகிச்சை செய்கிறவர்களுக்கும் கூட உண்டு. பொழுதுபோக்குச் சிகிச்சைக்கு என்று தனியாகப் பதிவேடு கிடையாது. அதனால் டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை, அது உங்கள் குற்றமில்லை. ஆனால் நாளைக்கு ஒரு பாட்டி கீழே விழுந்து, குடும்பத்தார் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தால், அந்த ‘தெரபிஸ்ட்’ என்ற வார்த்தைக்கு யார் பதில் சொல்வது? மேனேஜரா, நீங்களா?

பட்டியலில் கண்டிப்பாகத் தள்ள வேண்டியது அந்த மூன்று மாத விளம்பரம். ‘சி.பி.டி. புள்ளிகள் (தொடர்கல்விப் புள்ளிகள்) உண்டு’ என்று ஆசை காட்டுவார்கள். பதிவு பெற்ற எங்களுக்குத்தான் 12 மாதத்துக்கு 30 புள்ளி என்று கணக்கு, அதில் 5 புள்ளி நெறிமுறை, மனித உரிமை, மருத்துவச் சட்டம் பக்கம் இருந்தே ஆக வேண்டும். பதிவே இல்லாதவருக்கு அந்தப் புள்ளி எதற்கு? சொந்தமாக வண்டியே இல்லாதவனிடம் பார்க்கிங் சீட்டு விற்பது மாதிரி.

உண்மையிலேயே பதிவு பெற்ற தெரபிஸ்ட் ஆகத்தான் ஆசையா, அதற்கு நீண்ட வழி ஒன்று உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடகச் சிகிச்சை, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சை, இரண்டும் முதுகலைப் படிப்பு. மதுரைப் பட்டத்தை முதலில் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுகிற சாக்வா அமைப்பிடம் மதிப்பீட்டுக்குக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் அவர்களிடம் பேசவே முடியும். 8,000 ரேண்டில் முடிகிற கதை இல்லை.

அதைவிட அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, காசே ஆகாது. எழுதுவது. நான் போகிற இல்லங்களில் ஆக்டிவிட்டி ஃபைலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிதான்: ‘பிங்கோவில் கலந்துகொண்டார், மகிழ்ச்சியாக இருந்தார்.’ அடுத்த நாளும் அதே, அடுத்த வருடமும் அதே, ஒரு ஃபைலில் இறந்துபோன தாத்தா இறந்த மறுநாளும் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டிருந்தார்! அவரை முதலில் மதிப்பிட்டீர்களா, என்ன மாற வேண்டும் என்று திட்டம் போட்டீர்களா, செய்தீர்களா, மாறியதா என்று திரும்பிப் பார்த்தீர்களா, இந்த நாலும் இருந்தால்தான் அது சிகிச்சைப் பக்கம் வரும். ‘நான்கு வாரத்துக்குள், வாரம் இரண்டு தடவை, ஒரு தடவைக்கு மேல் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் தானாகவே பொது அறைக்கு வந்து 20 நிமிடம் உட்காருவார்’ என்று எழுதிப் பாருங்கள். நாலு வாரம் கழித்து ஆமா, இல்லை என்று சொல்லிவிடலாம். ‘மகிழ்ச்சி’யை அப்படி அளக்க முடியாது. உங்கள் இல்லத்துக்கு வருகிற ஓ.டி. யாரென்று பாருங்கள், மாதம் ஒரு மணி நேரம் அவர் மேற்பார்வையில் உட்காரக் கேளுங்கள்.

லெனேசியா அக்கா:

தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி. கால்வாசிக்குச் சண்டை இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

தங்கச்சி, நான் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவமனையில் 11 வருடம் இதே வேலை செய்தவள், சி.டி.ஆர்.எஸ். வைத்திருந்தேன். இப்போது வீட்டுக்காரரோடு ஜோஹன்னஸ்பர்க் வந்துவிட்டேன், இங்கே அந்த மூன்றெழுத்து, சரி நாலெழுத்து, யாருக்கும் தெரியாது. உன் கேள்விக்கு நேராகப் பதில்: வெபினார் பார்த்து அதை வாங்க முடியாது. வழக்கமான வழி என்றால் அந்தத் துறையிலேயே இளங்கலைப் பட்டம் வேண்டும், அப்புறம் குறைந்தது 14 வாரத்தில் 560 மணி நேரம், ஏற்கெனவே அந்தச் சான்றிதழ் உள்ள ஒருவரின் கண்காணிப்பில் பயிற்சி வேலை, அதன்பிறகு தேர்வு. உனக்குத் தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு கண்காணிப்பாளரை எங்கே போய்த் தேடுவது?

வாங்கினாலும் அதோடு விடுவதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 480 மணி நேர வேலையும் 50 மணி நேரத் தொடர்கல்வியும் காட்ட வேண்டும், இல்லையென்றால் மறுபடி தேர்வு எழுது. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், என் 50 மணி நேரத்தில் பாதி, காதில் ஒரு பக்கம் இயர்ஃபோன், கையில் கரண்டி என்று சாம்பார் கொதிக்கக் கொதிக்கக் கேட்டவை. பலூன் வாலிபால், நாய்களைக் கொண்டுவந்து நோயாளிகளைத் தடவ விடுவது, வண்ணக் காகிதம்... நல்ல விஷயம்தான், மறுநாள் வார்டில் எதுவும் மாறவில்லை. எனக்கு உதவியது மூன்றே மூன்று: இலக்கு எழுதுவது, கோபப்படுகிற குழுவை நடத்துவது, மாத்திரைகளால் வருகிற தலைசுற்றலும் விழுதலும். நீ வெபினார் எடுத்தால் இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்து எடு. நேரத்தையும் பார்த்துக்கொள், நியூயார்க்கில் மதியம் ஒரு மணி என்றால் உனக்கு ராத்திரி ஏழோ எட்டோ ஆகும், பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம்.

நான் உன் இடத்தில் இருந்தால் சி.எஸ்.டி. (காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி, மூளையைத் தூண்டிவிடுகிற சிகிச்சை) கற்றுக்கொள்வேன். டிமென்ஷியா ஆரம்பக் கட்டத்திலும் நடுக்கட்டத்திலும் இருப்பவர்களுக்கான குழு முறை, பிரிட்டனில் உருவானது, 2003-ல் 201 பேரை வைத்து அதன் ஆய்வு வெளிவந்தது. வாரம் இரண்டு தடவை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா, நினைவைச் சோதிப்பதில்லை, அபிப்பிராயம் கேட்பார்கள். ‘இந்தப் படத்தில் இருப்பது யார்?’ என்று கேட்டால் தெரியாதவர் கூனிக்குறுகிப் போவார். ‘இந்த இரண்டு பேரில் யாரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவீங்க?’ என்று கேட்டுப் பார், வாய் மூடாமல் பேசுவார்கள். இதைச் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் தமிழ்ச் சூழலுக்கு மாற்றிச் செய்து பார்த்திருக்கிறது. மதுரைக்காரி உனக்கு அது கையில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி தம்பியோடு சண்டை. எல்லாவற்றையும் ஓ.டி. மேற்பார்வைக்குள் கொண்டுபோய் அடைக்காதே. ஓ.டி.க்காரர்கள் நீங்கள், ஒருவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று பார்ப்பீர்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று நாங்கள் பார்ப்போம்.

மேரிட்ஸ்பர்க் ஓ.டி.:

அக்கா, நாங்களும் அதைக் கேட்கிறோம்! பாடத்திட்டத்திலேயே ஓய்வுநேரம் என்று தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் ஒத்துக்கொள்கிறேன், வார்டில் நேரம் இல்லாதபோது முதலில் வெட்டுவது அதைத்தான். சி.எஸ்.டி. யோசனைக்கு என் ஓட்டும் உண்டு.

மெரேபேங்க் சிஸ்டர்:

என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும், நான் இங்கேயே பிறந்து ஐம்பது வயதுக்கு மேல் எழுதப் படித்தவள். 35 வருடம் நர்ஸ், இப்போது ரிட்டயர்ட்.

கண்ணு, சென்னைப் புத்தகம் வந்தாலும் அப்படியே எடுத்துப் போடாதே. எங்கள் தாத்தா ஆயாக்களுக்குச் சென்னை டிராம் வண்டியும் தெரியாது, மெரினாவும் தெரியாது. அவர்கள் தமிழே வேறு, வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் விட்டுப்போன தமிழ், பாதி இங்கிலீஷ் கலந்தது. நீ மதுரைத் தமிழில் கேள்வி கேட்டால் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள், ஒன்றும் புரிந்திருக்காது. நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன், ஒரு இல்லத்தில் பழைய நினைவுகளைக் கிளற என்று ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள், உள்ளே திறந்தால் இங்கிலாந்துக் கடற்கரை, சிவப்புத் தபால் பெட்டி, ராணி! எண்பது வயதுத் தாத்தாவுக்கு அது யார் வீட்டு நினைவு?

அவருக்கு கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் பார்த்த புட்பால் மேட்ச் ஞாபகம் இருக்கும். ராத்திரி முழுக்க நடக்கிற கூத்து ஞாபகம் இருக்கும், நாங்கள் சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்போம். மேகசின் பாரக்ஸ் என்ற பழைய இந்தியர் குடியிருப்பு ஞாபகம் இருக்கும், அதைச் சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதை. இனவாரியாக ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அங்கிருந்தவர்களைப் பிடுங்கிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். ‘உங்க பழைய வீட்டைப் பத்திச் சொல்லுங்க’ என்று நீ சாதாரணமாக ஆரம்பிப்பாய், ஒரு ஆயா சாயங்காலம் வரை அழுவாள். அழக்கூடாது என்று சொல்லவில்லை. வேன் வந்துவிட்டது என்று நீ பாதியில் எழுந்து போய்விடக்கூடாது.

அப்புறம், துனி சீட்டாட்டம் ஆடத் தெரியுமா உனக்கு?

தெரியாதென்றால் அதைத்தான் முதலில் கற்றுக்கொள். டர்பன் இந்தியர் வீட்டில் துனி ஆடாத தாத்தா இருக்கமாட்டார். நாலு பேர், எதிரெதிரே கூட்டாளி, 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. மொத்தம் 304 வரும், கூட்டிப் பார். என் பெரியப்பா கடைசி மூன்று வருடம் என்னைப் பார்த்து ‘நீ யாரு?’ என்பார், சீட்டைக் கையில் கொடுத்தால் யார் என்ன போட்டார்கள் என்று எண்ணி வைத்திருப்பார். எந்த டாக்டரும் அவரைத் துனி மேசையில் வைத்துச் சோதித்ததில்லை. ஓ.டி. தம்பி கேட்கிற அளவெல்லாம் அங்கேயே இருக்கிறது: துருப்பு என்னவென்று எத்தனை தடவை திரும்பக் கேட்டார், தன் முறை வந்தது தானாகத் தெரிந்ததா, போன மாதம் 304 வரை எண்ணியவர் இந்த மாதம் எங்கே நின்றார், தோற்றால் சீட்டை வீசினாரா.

பிங்கோவில் இதெல்லாம் தெரியாது. பிங்கோவில் தூங்கிக்கொண்டிருப்பவரும் ஜெயித்துவிடுவார், பக்கத்து ஆயா அவர் அட்டையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

வெள்ளைக்கொக்கு (டர்பன்):

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், பதில் எழுதத் தாமதம்.

பேட்ஜைக் கழற்றியாகிவிட்டது. மேனேஜர் முகம் சுளித்தார், காரணம் சொன்னதும் ‘சரி, பழையதையே போடு’ என்றார். ஓ.டி. அண்ணா, எங்கள் இல்லத்துக்கு ஓ.டி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார், அவரைக் கேட்டிருக்கிறேன், ஒரு மணி நேரம் முடியாது, அரை மணி என்றார். அதுவே போதும். ஆறு வருட ஃபைலைத் திறந்து பார்த்தேன். ‘மகிழ்ச்சியாக இருந்தார்’ என் கையெழுத்தில்தான் இருக்கிறது, எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அக்கா, பணத்தை சி.எஸ்.டி. பக்கம்தான் போடப் போகிறேன், நீங்கள் சொன்ன கரண்டிக் கதையைப் படித்து என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிஸ்டர், நேற்று மதியம் ஏழாம் அறைத் தாத்தாவிடம் போய், “எனக்குத் துனி சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டேன். என்னிடம் இதுவரை மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவர், பிங்கோவுக்கு ஒருநாளும் வராதவர். கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார், உள்ளே சீட்டுக்கட்டு. என்னையும் இரண்டு ஆயாக்களையும் உட்காரவைத்து முதலில் நாலு சீட்டு, அப்புறம் இரண்டு என்று போட்டார். நான் துருப்பு ஜாக்கை முதல் ஆட்டத்திலேயே வீணடித்துவிட்டேன், மதுரையில் இதையெல்லாம் சொல்லித் தரமாட்டார்களா என்று கேட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். துனியில் ‘கானக்’ என்று ஒரு விதி இருக்கிறது என்று அவர் அடித்துச் சொன்னார், பக்கத்து ஆயா அதெல்லாம் இப்போது செல்லாது என்றாள், இரண்டு பேரும் இன்று காலை வரை பேசிக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி?