புதுப்பிப்பு: சென்னை – சிட்னி பயணம், அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 68 வயது அம்மாவைச் சேலத்திலிருந்து சிட்னியில் உள்ள தங்கை வீட்டுக்குத் தனியாக அனுப்ப வேண்டும், துபாய் வழியா சிங்கப்பூர் வழியா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சிங்கப்பூர் வழிதான் சரி என்று தூரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் சொன்னபடியே செய்தோம். சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ., அங்கிருந்து சிட்னி 6,300. நேர்க்கோட்டில் பறந்தாலே 9,100 வருகிறது, ஆக சுற்று என்று சொல்லவே இடமில்லை. துபாய் போனால் மேற்கே போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் 15,000-ஐ நெருங்கும்.

டிக்கெட்டில் இரவு 11.15 புறப்பாடு, மறுநாள் மாலை 7.15 வருகை. இருபது மணி நேரமா என்று பயந்துவிட்டேன். சிட்னி நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருப்பதைக் கழித்தால் பதினைந்தரைதான்: 4 மணி பறப்பு, மூன்றரை மணி காத்திருப்பு, மறுபடி 8 மணி. அம்மா கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை, நம்ம ஊர் நேரத்தை வைத்தே மாத்திரை போட்டுக்கொண்டார். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைத்தது பெரிய ஆறுதல்.

எதிர்பாராதது ஒன்று. பையில் ஏற்காட்டுக் காப்பித்தூளும் மிளகும் இருந்தன. உணவுப்பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் எழுத வேண்டும். தங்கை சொல்லி எழுதினார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் முதல் ஞாயிறுக்குப் பிறகு போகிறவர்கள் ஐந்தரை மணி நேரம் கழியுங்கள், அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள்.