புதுப்பிப்பு: மகளுக்கு வந்த "சிறந்த மாணவர்" கடிதம், கட்டிய பணம், கல்லூரி விண்ணப்பம்

அமெரிக்காவில் 11ஆம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பெயரைச் சிறந்த மாணவர் பட்டியலில் சேர்க்கக் கட்டணம் கேட்டு வந்த கடிதத்தை நம்பிப் பணம் கட்டிவிட்டு, அதனால் கல்லூரிச் சேர்க்கையில் பயன் உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பள்ளியின் ஆலோசகரிடமே நேரில் கேளுங்கள் என்ற யோசனைதான் பலன் தந்தது. பள்ளி யாரையும் பரிந்துரைக்கவில்லை என்றும், மதிப்பெண் பட்டியலை எவருக்கும் அனுப்பவில்லை என்றும் அவர் தெளிவாகக் கூறினார். பல கல்லூரிகளுக்கு ஒன்றாக விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் (Common App) விண்ணப்பத்தில் விருதுகளுக்கு ஐந்து இடங்களே இருப்பதால், பணம் கட்டினால் எவருக்கும் கிடைக்கக்கூடிய ஒன்றை அங்கே எழுதி, அவள் உழைத்துப் பெற்ற மாவட்ட அறிவியல் கண்காட்சிப் பரிசைக் கீழே தள்ள வேண்டாம் என்றார். 1960களில் தொடங்கி 2007இல் நின்றுபோன "ஹூஸ் ஹூ அமாங் அமெரிக்கன் ஹைஸ்கூல் ஸ்டூடண்ட்ஸ்" என்ற, இதேபோல் சிறந்த மாணவர்களின் பெயர்களை வெளியிட்ட புத்தகத் தொகுப்பையும் பெரும்பாலும் அதில் இடம்பெற்ற குடும்பங்களே வாங்கின என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நான் எதிர்பாராதது, கடிதம் அனுப்பியவர்களுக்கு எங்கள் முகவரி போன வழி. தேர்வு ஒன்றின்போது, கட்டாயமில்லாத விவரப் படிவத்தை மகளே நிரப்பியிருக்கிறாள். பெற்றோர் இதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் பேசிவிடுவது நல்லது.

எழுத்துமூலம் கேட்டபின் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். கடிதங்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.