கோயில் பாட்டு மாதிரி இருக்காம், என்ர பாட்ட மாத்தோணுமோ?

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
வணக்கம். மூண்டு வருசமா சொந்தமா எழுதி கிற்றாரோட பாடுறன். படிச்ச சங்கீதம் எண்டா வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினை மூண்டாம் தரம் மட்டும்தான், மிச்சமெல்லாம் கோயில் பஜனையும் அம்மப்பாவும். அம்மப்பா அந்தக் காலத்தில அருவி வெட்டுக்கு, நெல்லு வெட்டத்தான், போனவர், நிரையா நிண்டு வெட்டேக்க ஒருத்தர் ஒரு அடி பாட மற்ற ஆக்கள் அதத் திருப்பி வாங்கிப் பாடுவினமாம். இப்ப மெசின் வெட்டுது, அவர் திண்ணையில தனிய இருந்து பாடுவார், மற்றவை வாங்கிற இடம் வந்தா சத்தமில்லாம தொடையில தட்டிப்போட்டு அடுத்த அடிக்குப் போவார். என்ர முதல் பாட்டு அந்தத் தட்டில இருந்து வந்ததுதான். ரெக்கோடிங்குக்குப் போன இடத்தில இது கோயில் பாட்டு மாதிரி இருக்கு, பீட் போட்டு மாத்துங்கோ எண்டிட்டினம். அதோட கிற்றார்ல பாடினா என்ர குரல் கீழ அமுங்குது, கோயில்ல அப்பிடி இல்ல. என்ன செய்யிறது?

கிளிநொச்சி கிற்றார்:
தங்கச்சி, குரல்ல பிழையில்ல. கோயில்ல ஆர்மோனியத்துக்கு எத்தினை கட்டையில, அதுதான் எந்தச் சுருதியில, பாடுறனீங்கள்? அஞ்சரை எண்டா அது ஜி ஷார்ப். நீங்கள் யூடியூப் பாத்து சி கோர்ட்ல வாசிக்கிறீங்கள் போல, அது ஒரு கட்டை, பிறகு அமுங்காம என்ன செய்யும். கேப்போவ, அதுதான் கம்பியள அமத்திப் பிடிக்கிற கிளிப்ப, முதலாம் ஃப்ரெட்ல போட்டு ஜி, சி, டி எண்டு பிடியுங்கோ, அஞ்சரைக்கு வந்திடும். இன்னுமொண்டு, வரிக்கு வரி கோர்ட் மாத்தாதேங்கோ. எங்கட மெட்டுகள் ஒரு சுருதியில நிண்டு வளைஞ்சு போறது, நீங்கள் கோர்ட்ட மாத்தமாத்த அந்த வளைவு நெரிபடுது. ஜி-யில நிண்டு நடுவில இருக்கிற மூண்டாம், நாலாம் கம்பி ரெண்டையும் அமத்தாம சுருதி மாதிரி விட்டுட்டுப் பாடிப் பாருங்கோ.

வற்றாப்பளை அக்கா:
எங்கட வீட்டில கூத்துக்காரர் இருந்தவை, கோவலன் கூத்து பாத்து வளந்தனான். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் எடுத்துக் குடுக்க பிற்பாட்டுக்காரர் அந்தக் கடைசி அடிய வாங்கேக்க மேல் புல்லரிக்கும் பிள்ளை, அந்த வாங்கிறதுதான் உயிர். வைகாசிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலடிக்கு வந்தா உங்களுக்கே விளங்கும், அந்தப் பறைச் சத்தத்துக்குள்ள என்ன பீட் இல்ல? உங்கட பாட்டில அம்மப்பா தட்டிற இடத்த ஒருக்காலும் நிரப்பிப் போடாதேங்கோ. இல்லாட்டி நாலு பெடியள வைச்சு வாங்கிப் பாட வையுங்கோ. கோயில் பாட்டு மாதிரி எண்டது குறையே?

மாங்குளம் தம்பி:
நான் கொஞ்சம் மாறிச் சொல்லுறன் அக்கா. மெட்டு அம்மப்பாவின்ர, சரி, சொல்லு உங்கடயா இருக்கோணும். நீங்கள் அருவாள் பிடிச்சு வெட்டின ஆள் இல்லத்தானே, மெசின் சத்தம் கேட்டு வளந்த ஆள், அத எழுதுங்கோ. ஸ்டூடியோ வேண்டாம், ஃபானை நிப்பாட்டிப்போட்டு ரா நேரம் அறைக்குள்ள மெத்தையச் சுவரில சாத்தி ஃபோன்லயே எடுங்கோ, பேண்ட்லாப் எண்ட அப்ல காசில்லாம மிக்ஸ் பண்ணலாம், நான் அப்பிடித்தான் செய்யிறன்.

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
கிற்றார் அண்ணை, அஞ்சரைதான்! கேப்போ போட்டுப் பாத்தன், குரல் தானா நிக்குது. நேற்றுப் பின்னேரம் அம்மப்பாவுக்குப் பக்கத்தில இருந்து வாசிச்சன், அவர் தொடையில தட்டின இடத்தில நான் அந்த அடிய வாங்கினன், அவர் திரும்பி ஒருக்கா என்னைப் பாத்திட்டு அடுத்த அடிய இன்னும் மேல எடுத்தார். அதை ஃபோன்ல எடுத்து வைச்சிருக்கிறன், நாய் குரைக்கிறதும் கிடக்கு. தம்பி, மெசின் பாட்டு தொடங்கியாச்சு, முதல் ரெண்டு வரி வந்திட்டுது.