செயற்கை டீஎன்ஏ-யோடு உங்கள் முதல் சந்திப்பு எப்படி?

ஹட்டன்காரன்:
மலையகத்தில் ஆய்வுகூடத்தில் டீஎன்ஏ கோர்க்கும் வேலை செய்தவர்கள் குறைவு என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குத் தோட்டத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மழை மாதங்களில் இலை லேசில் வாடாது. கையில் ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் தண்ணி போகல" என்பார். பேராதனையில் இரசாயனவியல் முடித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சிக்குப் போன முதல் வருடமே அந்த வார்த்தை எனக்கே திரும்பி வந்தது.

20 எழுத்து டீஎன்ஏ ஒன்றை இயந்திரத்தில் கோர்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலியின் நுனியில் இருக்கும் டிரைட்டில் மூடியை அமிலம் ஊற்றிக் கழற்றுவோம். அப்போது நல்ல ஆரஞ்சு நிறம் வடியும். நிறம் பளிச்சென்று இருந்தால் முந்தைய எழுத்து ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது. எனக்கு நாலாவது சுற்றிலேயே பழைய பிளேன்டீ மாதிரி வெளுத்துவிட்டது. காரணம் நான்தான். முந்தின நாள் திறந்து வைத்த அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானையே ஊற்றியிருந்தேன். அதில் பத்து லட்சத்தில் 30 பங்கு தண்ணீர்கூட இருக்கக் கூடாது. இருந்தால், அடுத்த எழுத்தைச் சுமந்துவந்து சங்கிலியோடு சேர வேண்டிய பாஸ்போரமிடைட் என்ற பொருள் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும்.

இந்த பாஸ்போரமிடைட் முறையை 1981இல் பியூகேஜ், மார்வின் கருதர்ஸ் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் வெளியிட்டார்கள். கருதர்ஸ், ராபர்ட் லெட்சிங்கர் என்ற இரசாயனவியலாளரிடம் முனைவர் பட்டம் முடித்து, பிறகு நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் கொரானாவின் குழுவில் இருந்தவர். டீஎன்ஏ-யைத் திண்மப் பரப்பில் ஒட்டிவைத்துக் கட்டும் யோசனையும் எழுத்துகளை இணைக்கும் பாஸ்பைட் வழியும் லெட்சிங்கருடையவை. ஆனால் அந்த வழிக்கு வேண்டிய, குளோரின் கொண்ட பொருட்கள் ஒரு நாள் பொறுக்காது, மைனஸ் 78 பாகையில் வைத்து வேலை செய்ய வேண்டும். கருதர்ஸ் குளோரினை எடுத்துவிட்டு அமீனை வைத்தார். பொருள் தூளாக, போத்தலில் பொறுமையாக இருந்தது. டெட்ரசோல் என்ற லேசான அமிலத்தைச் சேர்த்தால்தான் விழிக்கும். என் கணக்கில் அவருடைய மொத்த ஆராய்ச்சி வாழ்க்கையிலும் இந்த ஒரு மாற்றம்தான் பெரிது. அவருடைய ஆய்வுகூடம் இருந்த அமெரிக்காவின் போல்டரும் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர்தான், ஆனால் அங்கே காற்று காய்ந்தது. நம் மலை அப்படியா?

பேராதனை ஆய்வுகூடத்து அக்கா:
தம்பி, நான் டீஎன்ஏ செய்ததில்லை, வாங்கித் தொலைத்திருக்கிறேன். பிசிஆருக்கு (டீஎன்ஏ-யைப் பல பிரதிகள் எடுக்கும் முறை) வந்த பிரைமர் என்ற குட்டி டீஎன்ஏ, குழாயில் இருப்பதே தெரியாத அளவு காய்ந்த துகள். சென்ட்ரிபியூஜில் ஒரு சுற்றுச் சுற்றாமல் மூடியைப் படக்கென்று திறந்தேன், பறந்தே போய்விட்டது. திரும்ப ஓடர் பண்ணி வரும்வரை மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதுளை டீச்சர்:
உயர்தர வகுப்பில் நான் இதைக் கணக்காகப் போடுவேன். ஒவ்வொரு சுற்றும் 99% சரியாக நடந்தால் 20 எழுத்துச் சங்கிலி 83% முழுசாகக் கிடைக்கும். 95% என்றால் 38%தான். 99% இருந்தும் 100 எழுத்துக்குப் போனால் 37%க்கு இறங்கிவிடும். "99 மார்க் போதாதா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கொரானா 77 எழுத்து இணை கொண்ட ஜீனை 1970இல் அறிவித்ததற்குப் பின்னால் பல வருட உழைப்பு இருந்தது என்று சொன்ன பிறகுதான் அமைதியானது.

ஹந்தானை அடிவாரம்:
நான் விஞ்ஞானி இல்லை. ஹந்தானை அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், அவ்வளவுதான். அதன் பணிப்பாளராக இருந்த சிரில் பொன்னம்பெரும காலிக்காரர். அடினின், ரைபோஸ், பாஸ்பேட் எஸ்டர் கலவையில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி ஏடிபி (உயிரணு ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) கிடைப்பதை 1963இல் வானியலாளர் கார்ல் சேகனோடும் மெரினரோடும் சேர்ந்து காட்டியவர். உங்கள் ஆட்கள் தண்ணீரை விரட்டுகிறார்கள். அவரோ ஆதிக் கடலிலேயே இதெல்லாம் உருவாகியிருக்குமா என்று தேடினார். இது எப்படி ஒத்துவரும்? யாராவது விளக்குங்கள்.

ஹட்டன்காரன்:
அண்ணன், நல்ல கேள்வி. தண்ணீருக்குள் எழுத்துகளை இணைக்கும் பிணைப்பைப் போட உயிரணுவுக்கு நொதி இருக்கிறது, எங்கள் முறையில் அது இல்லை. நொதி வருவதற்கு முன்னால் எப்படி நடந்தது என்பது இன்னும் தீராத வழக்கு.

அக்கா, என் கதை முடியவில்லை. அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டு, "தண்ணி போகலப்பா, எல்லாம் வீணாப் போச்சு" என்றேன். "அப்ப இன்னும் கொஞ்சம் காத்து விடு" என்றார். மறுநாள் புதுப் போத்தலில் தண்ணீரை உறிஞ்சும் சல்லடை மணிகளைப் போட்டு, மேலே ஈரமில்லாத ஆர்கன் வாயு விட்டேன். கடைசிச் சுற்று வரை ஆரஞ்சு.