புதுப்பிப்பு: பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க், இப்போது எக்ஸ்டர்னல் டிரைவ்

பழுதான லேப்டாப்பில் கழற்றிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்டர்னல் டிரைவாக மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றியாகிவிட்டது, அருமையாக ஓடுகிறது! 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை) டிரைவ் என்பதால், அதை உள்ளே பொருத்தி யுஎஸ்பி வழியாக இணைக்கும் ஒரு யுஎஸ்பி 3.0 கேஸே போதும். வாங்கும்முன் தடிமனை மட்டும் பாருங்கள்; 9.5 மி.மீ. டிரைவ் 7 மி.மீ. கேஸில் நுழையாது.

பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகியபோது டிக் டிக் சத்தம்தான் வந்தது. டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்தேன். காரணம் மின்சாரம்: அந்த போர்ட்டின் வரம்பு 500 மில்லிஆம்பியர், டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம் இழுக்கும். 900 மில்லிஆம்பியர் தரும் யுஎஸ்பி 3.0 போர்ட்டில் உடனே எழுந்துகொண்டது.

அப்புறம் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன், கெட்டுப்போன செக்டர் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதி) எதுவும் இல்லை. பழைய படங்களை நகலெடுத்த பிறகே எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்தேன். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத முடிகிறது.